சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த கோச்

என் அண்ணி சாலாஃபாயைப் பற்றி அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துக் கால்பந்து கோச்சுகளிடம் ஒரு பேச்சு உண்டு. அந்த வீட்டுக்குப் போகிறாயா, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போ, வாயைக் குறைவாகத் திற என்பார்கள். திறந்தால் சாப்பிட மட்டும் திற என்று அர்த்தம். நான் சொல்கிற கால்பந்து உலகமெல்லாம் காலால் உதைக்கிற உருண்டைப் பந்து அல்ல. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, முட்டைபோல நீண்ட பந்துக்காக ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரளும் அமெரிக்கக் கால்பந்து. பசிபிக் கடலின் சமோவா தீவுகளிலிருந்து டகோமாவுக்குக் குடிவந்த எங்கள் ஜனங்களுக்குத் தேவாலயத்துக்கு அடுத்தது அதுதான். சில சனிக்கிழமைகளில் தேவாலயத்துக்கும் முந்தி அதுதான். பாதிரியார் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அண்ணி சமோவாவின் சவாயி தீவில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் என் அண்ணன் இயோசுவாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். வந்த வருஷமே விமான நிலையத்துச் சமையல்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். விமானத்தில் கொடுக்கும் சாப்பாட்டுத் தட்டுகளை நிரப்பி மூடி போடுகிற வேலை. இன்றைக்கும் அதேதான் செய்கிறாள். இரண்டு பையன்கள், எலியாவும் பெனியும். இரண்டு பேரும் கதவுக்குள் பக்கவாட்டில் நுழைகிற உடம்பு. பந்தை வீசுகிறவன்மேல் யாரும் பாயாமல் முன்வரிசையில் நின்று தடுப்பவர்கள் அவர்கள். யாரும் அவர்களுக்குக் கைதட்டுவதில்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை.

பள்ளி முடியப்போகிற இப்படிப்பட்ட பையன்களைப் பிடிக்கப் பல்கலைக்கழகங்கள் கோச்சுகளை வீட்டுக்கே அனுப்பும். பெண் பார்க்க வருகிறவர்கள் மாதிரிதான் வருவார்கள். சட்டைப் பையில் பல்கலைக்கழகச் சின்னம், முகத்தில் ஒரு சிரிப்பு. படிப்பு இலவசம், சாப்பாடு இலவசம், உங்கள் பையன் என் பையன் மாதிரி. அண்ணன் அதையெல்லாம் தலையாட்டிக் கேட்பார். அண்ணி கேட்கமாட்டாள், தட்டைப் பார்ப்பாள். எங்கள் வழக்கத்தில் விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும் வரை வீட்டுக்காரர் யாரும் தட்டைத் தொடக்கூடாது. அதனால் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். ஒருத்தன் கோழித்தோலை உரித்து ஓரமாக வைத்தான், அந்தப் பல்கலைக்கழகம் அதோடு போச்சு. இன்னொருத்தன் மாவுச்சத்து ஆகாது என்று சேப்பங்கிழங்கை ஒதுக்கினான். அவனை வாசல் வரை கூட யாரும் வழியனுப்பவில்லை. எனக்கு இது கொஞ்சம் அதிகம் என்றுதான் படும். ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். அண்ணி சொன்னாள், பொய்ப் பேச்சை யாரும் கத்துக்கலாம், பொய்யா சாப்பிட முடியாது லூப்பே என்று.

அவளை நான் குறை சொல்லவும் முடியாது. மூத்தவன் எலியாவின் விஷயத்தில் அவள் பட்டது அப்படி.

எலியா தெற்கே வெகு தூரத்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனான். பெரிய லீக், எல்லா ஆட்டமும் டி.வி.யில் வரும். அண்ணியால் அங்கே போய்வர முடியாது. லீவும் கிடைக்காது, கட்டுப்படியும் ஆகாது. எனவே சனிக்கிழமை தோறும் கூடத்தில் அரைத் தேவாலயமே உட்கார்ந்து டி.வி. பார்க்கும். இரண்டாவது வருஷம் ஒரு நாள் ஆட்கள் குவியலாக விழுந்தார்கள். மற்றவர்கள் எழுந்தார்கள், எலியா எழவில்லை. டாக்டர்கள் ஓடிவந்தார்கள். டி.வி.க்காரர்கள் உடனே விளம்பரம் போட்டுவிட்டார்கள். ஒரு லாரி சேற்றில் ஏறிப் போனது, அடுத்து ஒருத்தி சிரித்துக்கொண்டே தலைக்கு ஷாம்பு போட்டாள். அண்ணி கையில் பரிமாறும் கரண்டியோடு டி.வி.க்கு முன்னால் நின்றாள். விளம்பரம் முடிந்து பார்த்தால் மைதானத்தில் அவன் இல்லை, ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து போன் வந்து சேர்வதற்குள் எங்கள் எல்லாருக்கும் உயிர் போய்விட்டது. கழுத்தில் அடி. ஆண்டவன் புண்ணியம், தேறிவிட்டான். இப்போது துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், அவனுக்கே ஒரு பெண்குழந்தை. ஆனால் அண்ணி டி.வி.யில் விளம்பரம் வந்தால் இன்றைக்கும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அதனால் பெனியின் முறை வந்தபோது அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். அவன் விழுந்தால் அவள் அங்கே இருக்க வேண்டும்.

கேமாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து டான்லி என்ற கோச் வந்தார். மலைக்கு அந்தப் பக்கம், காரில் அரைநாள் கூட ஆகாது. நாற்பது வயது இருக்கும், கொஞ்சம் வெட்கப்படுகிற ஆள். அவர் சேப்பங்கிழங்கு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சேப்ப இலையை முதலில் பயந்து பயந்து தொட்டார், பிறகு வழித்து எடுத்தார். அண்ணி அப்போதுதான் உட்கார்ந்தாள். பெனி ஆடும் எல்லா ஆட்டத்துக்கும் தன்னால் வந்துவிட முடியுமா என்று கேட்டாள். டான்லி தங்களோடு ஆடும் லீக்கில் உள்ள ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் மேற்குப் பக்கம், எல்லாம் ரோடு வழிதான். ஒவ்வொரு ஊர்ப் பேருக்கும் அண்ணன் அங்கே இருக்கும் எங்கள் சொந்தக்காரர் பேரைச் சொன்னார். சால்ட் லேக்கில் சித்தப்பா, ஓக்லாந்தில் மாமன் மகள், சான் டியாகோவில் எனக்கு நிச்சயம் பண்ணி நான் வேண்டாம் என்ற ஆள். தங்க வீடு இருந்தது. அண்ணி தலையாட்டினாள்.

இன்னொரு கோச்சும் அந்த வருஷம் வந்திருந்தார். பக்கத்து மாநிலமான ஐடஹோவில் பிட்டர்கிரீக் என்ற சின்னப் பல்கலைக்கழகம், அதே லீக்கின் கடைசி இடத்துக்காரர்கள். அந்தக் கோச் பெயர் புரூஸ்டர். அவர் சாப்பிட்டதைப் பார்த்து நானே பயந்துவிட்டேன். போகும்போது வாங்கிய பொட்டலத்தைக் காரில் ஏறும் முன்பே பிரித்தார். அண்ணிக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் டான்லி முந்திக்கொண்டார்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழிபாடு முடிந்த பெரிய சாப்பாட்டின்போது, பெனி கேமாஸுக்கு வருவான் என்று அண்ணன் வாக்குக் கொடுத்தார். பாதிரியார் எழுந்து ஜெபம் பண்ணினார். டான்லியும் எழுந்து, பெனியின் இடம் அவனுக்கே என்று வாக்குக் கொடுத்தார். இந்த நாட்டில் இதற்கெல்லாம் வாய்ச்சொல் என்றுதான் மதிப்பு. டிசம்பரில் கையெழுத்து நாள் என்று ஒன்று வரும், அதுவரைக்கும் இரண்டு பக்கத்தையும் எதுவும் கட்டுப்படுத்தாது. பையன்கள் வாரத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் மாறுவார்கள். ஆனால் எங்கள் வீட்டில் விருந்து போட்டு, ஜெபமும் பண்ணி, அதுவும் அறுபது பேர் முன்னால். அது முடிந்த கதை.

ஆகஸ்டில் லீக் உடைந்தது.

எப்படி உடைந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். டி.வி. கம்பெனிகள் கிழக்கே உள்ள லீக்குகளுக்குக் கொட்டிக் கொடுக்க, எங்கள் பக்கத்துப் பெரிய பல்கலைக்கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூட்டை கட்டின. நூறு வருஷமாகப் பக்கத்து ஊரோடு ஆடியவர்கள், காலையில் எழுந்து பார்த்தால் நாட்டின் மறுகோடியில் இருக்கும் நியூ ஜெர்சியோடு ஆடப் போகிறார்கள். கேமாஸையும் கிழக்கே ஒரு பெரிய லீக் எடுத்துக்கொண்டது. அவர்கள் ஊரில் பட்டாசு வெடித்தார்கள். பிட்டர்கிரீக்கை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மிச்சம் மீதி இருந்த சின்னப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து அக்கம்பக்கத்திலேயே ஆட வேண்டியதுதான். அங்கே கடைகளில் ஆட்கள் அழுதார்கள் என்று செய்தியில் காட்டினார்கள்.

நான் அன்றைக்கே அண்ணனிடம் போனேன். அண்ணிக்குக் கொடுத்த உறுதி காற்றோடு போய்விட்டது, நாமும் மாறிக்கொள்ளலாம், ஊரே மாறுகிறது என்றேன். அண்ணன் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்தக்கூட இல்லை. அதன் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னார். அவங்க பேசினது மாறினா அது அவங்க மானம், நாம பேசினது மாறினா அது நம்ம மானம், போய் வேலையைப் பாரு. எனக்கு அந்த இயந்திரத்தை அவர் காலில் ஏற்றலாம் போலிருந்தது.

அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கணவர் பாதிரியார் முன் கொடுத்த வாக்கை உடைக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பெரிய லீக்கில் ஆடப்போகிறான் என்று பள்ளியில் பெனிக்குக் கிடைத்த மரியாதையைக் கெடுக்கவும் மனசில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் வேலை முடிந்து அவளைக் கூட்டிவரப் போனேன். நியூ ஜெர்சிப் பக்கம் போகிற விமானத்துக்குத் தட்டு மூடிவிட்டு வந்திருந்தாள். காரில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி சொன்னாள். "நான் மூடின சாப்பாடு அங்க போகுது லூப்பே. நான் போக முடியல." அவ்வளவுதான். பிறகு கறிக்கோழி என்ன விலை என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

மழைக்காலம் ஆரம்பித்ததும் டான்லியின் போன் குறைந்தது. முன்பெல்லாம் வாராவாரம் பேசுவார். பிறகு பெனிக்குப் போனில் ஒரு வரிச் செய்தி, கட்டைவிரல் தூக்கிய படம் ஒன்று. சீசன் நேரம், வேலை இருக்கும் என்று அண்ணன் சமாதானம் சொன்னார். கையெழுத்து நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று டான்லி சொல்லி அனுப்பியபோது அண்ணி விடியற்காலையே எழுந்து சேப்ப இலை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவர் மழையில் நனைந்து வந்தார். அண்ணன் மேஜையின் தலைப்பக்கம் உட்கார, அடுத்து டான்லி, எதிரே பெனி. நானும் எலியாவும் சுவரோரம். தட்டு நிறைய வைத்தாயிற்று. டான்லி நன்றி சொன்னார். முட்கரண்டியை எடுத்தார். சேமியாவைத் தட்டின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். பிறகு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். அண்ணன் மலைப்பாதையில் பனி எப்படி என்று கேட்டார். பனி இருக்கிறது என்றார். விருந்தாளி சாப்பிடாமல் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது? எலியாவின் குழந்தை பன்றிக்கறியைப் பார்த்துச் சிணுங்கியது. எனக்கே சிணுங்கல் வந்தது, காலையில் ஒரு காப்பியோடு நிற்கிறேன். அண்ணன் மறுபடி பனியைப் பற்றிக் கேட்டார்.

அண்ணி சமையலறையிலிருந்து வாழைக்காய்ப் பாத்திரத்தோடு வந்தாள். தட்டைப் பார்த்தாள், பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன் சாப்பிடல?"

"சாப்பிடறேம்மா. நல்லாருக்கு."

"இன்னும் வாயிலயே வைக்கல, நல்லாருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தணித்துக் கேட்டாள். "தம்பி, என்ன விஷயம்? மனசுல ஏதோ வச்சிருக்க. சொல்லிட்டு அப்புறம் சாப்பிடு."

டான்லி முட்கரண்டியை வைத்தார். அந்தப் பெரிய மனிதர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"பெனிக்கு இடம் இல்லம்மா," என்றார். "புது லீக்ல எல்லாரும் பெரிய ஆளுங்க. மேல இருக்கிறவங்க பள்ளிக்கூடத்துப் பசங்க வேணாம், வேற காலேஜ்ல ரெண்டு மூணு வருஷம் ஆடினவங்கள எடுங்கன்னுட்டாங்க. நான் சண்டை போட்டுப் பாத்தேன். ஒரு மாசமா போன் எடுத்து எடுத்து வச்சேன். உங்க வீட்ல சாப்பிட்டு, ஜெபம் பண்ணி வாக்கு குடுத்துட்டு, இத எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நான் அவரை வெளியே தள்ள எழுந்தேவிட்டேன். அதற்குள் அண்ணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். டான்லி பதறிப்போய் மன்னிப்பு மேல் மன்னிப்பு கேட்டார். அண்ணி அழுதுகொண்டே அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"நீ ஏன் தம்பி அழற," என்றாள். "நான் சந்தோஷத்துல அழறேன்."

அவருக்குப் புரியவில்லை. அண்ணிதான் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள், ஆகஸ்டிலிருந்து அவள் ஒரு இரவும் ஒழுங்காகத் தூங்கவில்லை, ஆனால் வாக்கை நாங்கள் உடைக்க முடியாதே என்று. டான்லி அவளையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். வாய்ச்சொல்லுக்கு இத்தனை பேர் இத்தனை மாதம் கட்டுப்பட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். நாங்களும் ஒரு கோச் அதற்காக மனசு புழுங்கியிருப்பார் என்று நினைக்கவில்லை. என் கோபம் அப்படியே இறங்கிப் போயிற்று. இறங்கியபிறகுதான் எவ்வளவு நாள் அதைச் சுமந்தேன் என்று தெரிந்தது.

அண்ணன் மட்டும் இன்னும் விறைப்பாக இருந்தார். எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்கு, எல்லார் முன்னாலும்தான் திரும்ப வேண்டும் என்றார். எலியா பாதிரியாருக்குப் போன் பண்ணினான். அவர் மூன்று வீடு தள்ளித்தான். அவர் வந்தார், அவர் மனைவி வந்தாள், என் பெரியப்பா வந்தார், மணம் பிடித்து மற்றவர்களும் வந்தார்கள். பாவம் டான்லி, கூடத்தின் நடுவில் நின்று முதலிலிருந்து மறுபடி சொன்னார். முகமெல்லாம் சிவந்திருந்தது. திட்டு விழும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. பாதிரியார் எழுந்து இரண்டு பக்கமும் விடுபட்டது என்று சொல்லி ஒரு ஜெபம் பண்ணினார். எல்லாரும் ஆமென் என்றதும் பெரியப்பா முதல் ஆளாகப் போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் பெனியின் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்தோம். வாசலில் மழையில் நின்றுகொண்டிருந்தான். நான் போனேன்.

"நான் பத்தலன்னு சொல்லிட்டாங்கல்ல அத்தை," என்றான்.

பதினேழு வயசு. எங்களுக்கெல்லாம் நிம்மதி, அவனுக்கு அது அடி. "அவங்களுக்குக் கிழவனுங்க வேணுமாம், உனக்கு வயசு பத்தல, அதான்," என்றேன். கொஞ்சம் சிரித்தான். பிறகு கேட்டான், "அம்மா நிஜமாவே சந்தோஷத்துலதான் அழுதாங்களா?" ஆமாம் என்றேன். "அப்ப முன்னாடியே சொல்லிருக்கலாம்," என்றான். "நானும் அவங்க வர முடியாதேன்னு கவலைலதான் இருந்தேன். அப்பா வாக்கு குடுத்துட்டாரேன்னு சொல்லல." அந்த வீட்டில் அத்தனை பேரும் ஒரே விஷயத்தை விழுங்கிக்கொண்டு நான்கு மாதம் இருந்திருக்கிறோம். எனக்கு எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து அறையலாம் போலிருந்தது, என்னையும் சேர்த்து.

உள்ளே போனால் புதுக் கவலை. புதன்கிழமை கையெழுத்து நாள். பிட்டர்கிரீக்கை நாங்கள்தான் ஜூலையில் வேண்டாம் என்றோம், இப்போது எந்த முகத்தோடு கேட்பது? இடம்தான் இருக்குமா? அண்ணி முகம் மறுபடி வெளுத்துப் போயிற்று. டான்லி தன் போனை எடுத்துப் புரூஸ்டரைக் கூப்பிட்டு, மேஜைமேல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். நடந்ததைச் சொன்னார். தப்பு கேமாஸ் பக்கம், பையன் பக்கம் இல்லை, இந்த வருஷம் தான் பார்த்த முன்வரிசைக்காரர்களில் இவன்தான் முதல் என்றார்.

அண்ணி மேஜைத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இப்ப அந்தம்மா வீட்லயா இருக்கீங்க?" என்றார் புரூஸ்டர்.

"ஆமா."

"சாப்பாடு மிச்சம் இருக்கா?"

கூடமே சிரித்தது. பிறகு அவர் சொன்னார், முன்வரிசையில் ஒரு இடம் வைத்திருந்ததாகவும், அதற்கு வருவதாக இருந்தவன் லீக் உடைந்ததும் ஓடிவிட்டதாகவும். நாளைக் காலையே கிளம்பி வருகிறேன் என்றார். அண்ணி போனுக்குக் குனிந்து, பழையது வேண்டாம், புதிதாகச் சமைக்கிறேன் என்றாள். அவர் பழையதும் பரவாயில்லை என்றார்.

டான்லி அப்புறம் சாப்பிட்டார் பாருங்கள். அவர் முடித்த பிறகு நாங்கள் உட்கார்ந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. எல்லாம் ஆறிப்போயிருந்தது. அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதில்லை.

பிட்டர்கிரீக் மைதானம் சின்னது. டி.வி.க்காரர்கள் எப்போதாவது வருவார்கள். முதல் வருஷம் பெனி பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். அண்ணி ஒரு ஆட்டம் விடாமல் போய் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்புவோம், நான்தான் ஓட்டுவேன். இரண்டாம் வருஷம் செப்டம்பரில் அவனை முதல் தடவையாக ஆட்டம் ஆரம்பிக்கும்போதே இறக்கினார்கள். நாங்கள் முதல் வரிசையில், கம்பியை ஒட்டி இருந்தோம்.

பாதி ஆட்டத்தில் ஆட்கள் குவியலாக விழுந்தார்கள், எங்களுக்கு எதிரேயே. மற்றவர்கள் எழுந்தார்கள். பெனி எழவில்லை. முகம் மண்ணில் இருந்தது, ஒரு கை மட்டும் பக்கத்தில் தரையைத் தடவிக்கொண்டிருந்தது. அண்ணி என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு விரல் மரத்துப் போயிற்று. அவள் கண்ணை மூடவில்லை. நான் மூடிவிட்டேன்.

திறந்தபோது பெனி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் கழன்றுபோன ஷூ. யாரிடமோ சிரித்துக்கொண்டே, எங்கள் பக்கம் திரும்பி, அந்த ஷூவைத் தூக்கிக் காட்டினான்.

அண்ணி என் கையை விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"ஷூதான் லூப்பே," என்றாள். "நானே பாத்தேன்."